சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் 'குடி நிறுத்தும் பொடி': வாங்காதீர்கள்

"குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்று சுவரொட்டியிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். சாம்பாரிலோ காபியிலோ கலந்து கொடுத்தால் போதுமாம். அந்தப் பொடியால் எங்கள் அண்ணன் சாகப் பிழைக்கக் கிடந்தார்.

எங்கெங்கோ அலைந்து சலித்துப்போன அண்ணி, நாலாயிரம் ரூபாய் அனுப்பி அதை வரவழைத்தார். மூலிகை என்றுதான் சொன்னார்கள். பொட்டலத்தில் மருந்தின் பெயர் இல்லை, தயாரித்தவர் விலாசமும் இல்லை. அண்ணனுக்கு ஏற்கெனவே நெஞ்சுவலி வந்திருக்கிறது என்று சொன்னதற்கு, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்றிருக்கிறான் விற்றவன்.

பொடியைக் கலக்க ஆரம்பித்த சில நாளில் அண்ணன் வழக்கம்போல் குடித்துவிட்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் முகமும் கழுத்தும் ரத்தச் சிவப்பு. வாந்தி, படபடப்பு, மூச்சுத் திணறல். அண்ணி அழுதுகொண்டே போன் செய்தால், "பயப்படாதீங்க, மருந்து வேலை செய்யுது" என்கிறான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. அரசு மருத்துவமனையில் சேர்த்தபோது ரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது.

அறிகுறிகளைக் கேட்ட டாக்டர், பொடியில் டைசல்ஃபிரம் கலந்திருக்க வேண்டும் என்றார். குடித்த சாராயம் உடம்பில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறி, அப்புறம் கழியும். கழிய விடாமல் இந்த மருந்து தடுப்பதால் நச்சு தேங்கிவிடுகிறது. டாக்டர்கள் முறையாகத் தரும் மருந்துதான் இது. ஆனால் குடிப்பவருக்கு விளக்கி, அவர் சம்மதித்து, ஈரலையும் இதயத்தையும் சோதித்து, கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆன பிறகுதான் தொடங்குவார்கள். இதய நோய் உள்ளவருக்கு ஆபத்து. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். ஆல்கஹால் கலந்த இருமல் மருந்துகூட ஆகாது. தெரியாமல் சாப்பிட்டவர் எதையென்று தவிர்ப்பார்?

இப்போது அண்ணன் அங்கேயே மனநலப் பிரிவில் காட்டி நால்ட்ரெக்சோன் எடுக்கிறார். குடிக்கும் ஆசையைக் குறைக்கும் மாத்திரை. தெரிந்தே, தானே போட்டுக்கொள்கிறார்.

உங்கள் வீட்டிலும் இந்தக் கஷ்டம் இருந்தால் 14446 என்ற கட்டணமில்லாப் போதை மீட்பு எண்ணுக்குப் பேசுங்கள். தினமும் குடிப்பவரை வீட்டில் அடைத்துத் திடீரென நிறுத்த வைக்காதீர்கள், வலிப்பு வரலாம். பொடி ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் அவரிடமும் டாக்டரிடமும் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டுபோங்கள்.