தைவானில் மார்மன் இளைஞர்கள் நடத்தும் இலவச ஆங்கில வகுப்பு: யார் போகலாம்?

கணவருக்கு சின்ச்சு அறிவியல் பூங்காவில் (சின்ச்சு நகரத்துத் தொழில்நுட்பக் கம்பெனிகளின் வளாகம்) வேலை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், நமக்கு நாலு சுவர் என்று இருக்கும் பெண்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் விருதுநகர் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்தவள். ஆங்கிலம் வாசித்தால் புரியும், பேச வாய் எழும்பாது. சீன மொழியோ சுத்தமாகத் தெரியாது. என்னைப் போன்றவர்களுக்கு இந்த ஊரில் காசில்லாமல் கிடைக்கிற உருப்படியான பயிற்சி, பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, அதாவது மார்மன்கள் என்று ஊர் சொல்கிறவர்கள், நடத்துகிற வகுப்புதான்.

தைவானில் இருப்பவர்கள் இவர்களைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சட்டை, டை, ஹெல்மெட், சட்டைப் பையில் சீன எழுத்தில் கறுப்புப் பெயர்ப்பட்டை, எப்போதும் இரண்டு பேராக சைக்கிளில். 1956 முதலே இங்கே வருகிறார்கள். தைபேயில் ஜின்ஹுவா தெருவில் இருக்கும் அவர்களுடைய ஆலயம் 1984இல் பிரதிஷ்டை ஆனது. பையன்கள் 18 வயதில் கிளம்பி இரண்டு வருடம் ஊழியம் செய்கிறார்கள், பெண்கள் 18 மாதம். எந்த நாடு என்பதைச் சபைதான் முடிவு செய்கிறது. சம்பளம் கிடையாது. அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் தாங்களோ வீட்டாரோ மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள். 2020இல் அதை 400 டாலரிலிருந்து 500 ஆக்கினார்கள். பிளஸ் டூ முடித்த வயதுப் பிள்ளைகள், சேர்த்து வைத்த காசைக் கொடுத்து நமக்குப் பாடம் எடுக்க வருகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

எங்கள் பகுதியில் வகுப்பு புதன்கிழமை மாலை ஏழு மணிக்கு, ஒரு மணி நேரம். பதிவு, கட்டணம் எதுவும் கேட்கவில்லை. ஆரம்ப நிலை, நடு நிலை என்று பிரித்து உட்கார வைக்கிறார்கள். என் குழுவில் ஓய்வுபெற்ற தைவான் தாத்தா ஒருவர், மகளைப் பார்க்க கனடா போகவிருக்கும் பாட்டி, சிப் கம்பெனி இன்ஜினியர், இரண்டு பள்ளிப் பிள்ளைகள். ஒரு வாரம் டாக்டரிடம் பேசுவது பற்றிய பாடம். பலகையில் பத்துப் பன்னிரண்டு வாக்கியம் எழுதினார்கள், பிறகு ஜோடி ஜோடியாகப் பேச விட்டார்கள். உயரமான பையன் ஒருவர்தான் டாக்டர், நான் நோயாளி. நடுவில் நான் தடுமாறி நின்றபோது அவர் வாயைத் திறக்கவே இல்லை, காத்திருந்தார். முடித்த பிறகு ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: வலி விட்டு விட்டு வருகிறது என்பதற்கு 'தி பெயின் கம்ஸ் அண்ட் கோஸ்' என்றால் போதும் என்று. கொஞ்ச நாளில் மகனுக்கு வயிற்று வலி. கிளினிக்கில் டாக்டரிடம் அதையே சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே அடுத்த கேள்வி கேட்டார். கணவருடைய உதவியில்லாமல் இந்த ஊரில் நான் பேசி முடித்த முதல் முழு உரையாடல் அது.

இந்த வகுப்பில் கூச்சம் போவதற்கு முக்கியக் காரணம், சொல்லிக்கொடுக்கிறவர்களே இன்னொரு மொழியில் தடவிக்கொண்டிருப்பவர்கள் என்பது. அமெரிக்காவின் யூட்டா மாநிலம் புரோவோவில் உள்ள பயிற்சி மையத்தில் சில வாரம் சீனம் படித்துவிட்டு நேராகத் தெருவில் இறங்கிவிடுகிறார்கள். ஒருநாள் கனடா பாட்டி அந்தப் பையனின் சீன உச்சரிப்பைத் திருத்தினார். பையன் வகுப்பு முன்னாலேயே மூன்று முறை சொல்லிப் பார்த்தார், பாட்டி சரி என்று சொன்ன பிறகுதான் பாடத்துக்குத் திரும்பினார். அதைப் பார்த்த பிறகு தப்பாகப் பேச யாருக்குத்தான் வெட்கம் வரும்?

அவர்களுடைய வாரம் கடுமையானது. பொதுவாகக் காலை ஆறரைக்கு எழுந்து உடற்பயிற்சி, வேதப் படிப்பு, மொழிப் படிப்பு, அப்புறம் இரவு வரை வெளியே. சின்ச்சுவின் பலத்த காற்று தெரிந்தவர்களுக்கு, அதில் டை கட்டி சைக்கிள் மிதிப்பது என்றால் என்ன என்று தெரியும். துணி துவைக்க, மளிகை வாங்க, முடி வெட்ட எல்லாவற்றுக்கும் வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கள். வீட்டுக்குப் போன் பேசுவதும் அன்றுதான். 2019க்கு முன்பு அதுவும் இல்லை, கிறிஸ்துமஸ், அன்னையர் தினம் என்று வருடத்தில் இரண்டே முறை. நாங்கள் வீடு மாறிய சனிக்கிழமை இரண்டு பேர் வந்து வாஷிங் மெஷினை மூன்று மாடி இறக்கிக் கொடுத்தார்கள். காசு நீட்டினேன், வாங்கவில்லை.

சாப்பிட அழைத்தபோது முதலில் கேட்டது, "சிஸ்டர், உங்கள் கணவர் வீட்டில் இருப்பாரா?" என்றுதான். பெண் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் பையன்கள் போகக்கூடாது என்பது விதி. எனக்கு அது பெரிய நிம்மதி. டீ, காபி குடிக்க மாட்டார்கள், அதனால் சுக்கு மல்லி கொதிக்க வைத்துக் கொடுத்தேன். எலுமிச்சை சாதத்தை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

இப்போது பலரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். மதம் மாற்றுவார்களா? அவர்கள் வந்திருப்பதே தங்கள் விசுவாசத்தைச் சொல்லத்தான், அதை மறைப்பதும் இல்லை. வகுப்பு ஜெபத்தோடு ஆரம்பித்து ஜெபத்தோடு முடியும், கடைசியில் இரண்டு நிமிடம் கடவுளைப் பற்றி ஏதாவது சொல்வார்கள். மேலும் கேட்க விருப்பமா என்று ஒருமுறை கேட்டார்கள். நாங்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள், வகுப்புக்கு மட்டும் வருகிறேன் என்றேன். சரி என்று விட்டுவிட்டார்கள், நடத்தும் விதம் துளியும் மாறவில்லை. அவர்களுடைய வேதநூலான மார்மன் புத்தகம் தமிழிலும் இருப்பதை மட்டும் போனில் காட்டினார்கள். ஜெபம் கேட்டாலே சங்கடம் என்பவர்களுக்கு இந்த இடம் சரிவராது. முகத்துக்கு நேரே மறுத்துப் பேசத் தெரியாதவர்கள் 'வகுப்புக்கு மட்டும் வருகிறேன்' என்பதை வீட்டிலேயே சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

குறையும் உண்டு. இவர்கள் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இல்லை. ஏன் இந்த இடத்தில் 'ஹேவ் பீன்' வருகிறது என்று கேட்டால், அப்படித்தான் சொல்வோம் என்பதைத் தாண்டி விளக்கம் வராது. ஐஇஎல்டிஎஸ் மாதிரி ஆங்கிலத் தேர்வு எழுதுகிறவர்கள் வேறு இடம் பாருங்கள். இன்னொன்று, ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்ற அறிவிப்பு வரும். பழகிய முகம் திடீரென்று வேறு ஊருக்குப் போய்விடும், பாடம் விட்ட இடத்திலிருந்து தொடராது. எனக்கு இது வருத்தம்தான். ஆனாலும் ஐடஹோக்காரர் பேச்சும் ஆஸ்திரேலியாக்காரர் பேச்சும் இப்போது காதில் ஏறுகிறது என்றால் அது இதனால்தான்.

போக நினைப்பவர்கள் சைக்கிளில் வருகிறவர்களை நிறுத்திக் கேட்டாலே இடமும் நேரமும் சொல்லிவிடுவார்கள். பெண்களிடம் படித்தால்தான் வசதி என்றால் பெண் ஊழியக்காரர்கள் எடுக்கும் குழுவைக் கேளுங்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும். புயல் விடுமுறை அறிவித்த நாளில் வகுப்பு இருக்காது.