பாடசாலைக்குப் போட்டோகொப்பி இயந்திரம் வாடகைக்கு எடுப்போர் கவனத்திற்கு

கொழும்பில் உள்ள ஒரு தமிழ்ப் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கச் செயற்குழுவில் பெற்றோர் சார்பில் இருப்பவன் நான். ஆசிரியர்களின் சம்பளம் அரசிடமிருந்து வருகிறது. ஆனால் கடதாசி, டோனர், சில்லறைத் திருத்த வேலைகள் என்று வரும்போது எங்கள் பாடசாலையில் பெரும்பாலும் பெற்றோர் தரும் பணமே செலவாகிறது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை நாங்கள் எவ்வாறு இழந்தோம் என்பதை, எங்கள் கவனக்குறைவையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

தவணைப் பரீட்சை வினாத்தாள்களை வெளியில் அடிப்பிக்கும் செலவு ஏறிக்கொண்டிருந்த வேளையில், விற்பனை முகவர் ஒருவர் அதிபரைத் தேடி வந்தார். "மெசினுக்கு ஒரு சதமும் வேண்டாம் சேர், அடிக்கிற தாளுக்கு நாலு ரூபா தந்தால் போதும்" என்றார். மூன்று விலைமனுக்கள் இல்லாமல் தீர்மானிக்க முடியாது என்று சொன்னதும், மற்ற இரண்டையும் மறுநாளே அவரே கொண்டுவந்து தந்தார். அலைச்சல் மிச்சம் என்று அவருக்கு நன்றி வேறு சொன்னோம். பல மாதங்களின் பின்னர் கோப்பை எடுத்து மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான், மூன்றிலும் எங்கள் பாடசாலையின் பெயரில் ஒரே எழுத்து விடுபட்டிருப்பதும், இரண்டில் ஒரே தொலைபேசி இலக்கம் இருப்பதும் கண்ணில் பட்டன.

உடன்படிக்கை 36 மாதங்களுக்கானது. அதில் 'தாள்' என்ற சொல்லே இல்லை. 'பக்கம்' என்றுதான் இருந்தது. வினாத்தாள்களை நாங்கள் இருபுறமும் அடிப்பவர்கள் என்பதால் ஒரு தாளுக்கு எட்டு ரூபா ஆயிற்று. மாதம் குறைந்தது 12,000 பக்கங்களுக்குப் பணம் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனை நான்காம் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. விடுமுறை வந்த டிசம்பரில் மீற்றர் 1,340 பக்கங்களே ஓடியிருந்தது. நாங்கள் செலுத்தியதோ 48,000 ரூபாவும் அதன்மேல் 18 வீத வற் எனப்படும் பெறுமதி சேர் வரியுமாக 56,640 ரூபா. பாடசாலை எந்த மாதங்களில் மூடியிருக்கும் என்பது ஊருக்கே தெரிந்த விடயம். ஆண்டு முழுவதற்கும் சேர்த்து ஒரே குறைந்தபட்ச எண்ணிக்கையைக் கேட்டிருந்தால் இந்த இழப்பின் பெரும்பகுதி நேர்ந்திராது. கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பில்லில் வற் பதிவிலக்கமும் இருக்கவில்லை. பதிவு செய்யாத வியாபாரி வற் அறவிட முடியாது என்பதை எடுத்துக்காட்டி எழுத்தில் விளக்கம் கேட்டோம். பதில் வரவில்லை, ஆனால் அடுத்த மாதப் பில்லில் வற் சேர்க்கப்பட்டிருக்கவில்லை. முன்னர் வாங்கிய வரிப் பணம் இன்றுவரை திரும்பவில்லை.

கடதாசியையும் அவர்களிடமே வாங்கினோம். உறையில் 80 ஜீஎஸ்எம் (ஒரு சதுர மீற்றர் கடதாசி 80 கிராம் நிறுக்கும்) என்று அச்சிட்டிருந்தாலும், இருபுறமும் அடிக்கும்போது எழுத்து மறுபக்கம் தெரிந்ததுடன் தாள்களும் அடிக்கடி சிக்கின. ஏ4 தாள் ஒன்றின் பரப்பு ஒரு சதுர மீற்றரில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 500 தாள் கொண்ட 80 ஜீஎஸ்எம் ரீம் ஒன்று உறை நீங்கலாக 2.5 கிலோ நிறுக்க வேண்டும். பாடசாலைக்கு எதிரே உள்ள பலசரக்குக் கடைத் தராசில் வைத்தபோது 2.2 கிலோ காட்டியது. 70 ஜீஎஸ்எம் கடதாசி ஏறக்குறைய அவ்வளவுதான் நிறுக்கும். கடைக்கார ஐயா அரிசி நிறுப்பதை நிறுத்திவிட்டு இதைப் பார்த்துச் சிரித்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. இப்போது கடதாசியைப் புறக்கோட்டையில் நாங்களே நேரில் விலை கேட்டு வாங்குகிறோம். வந்த பெட்டியில் ஒரு ரீமையாவது நிறுத்துப் பார்த்த பின்னரே கையெழுத்திடுகிறோம்.

இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்க முயன்றோம். இடையில் நிறுத்தினால் எஞ்சிய மாதங்கள் அனைத்துக்கும் குறைந்தபட்சத் தொகையைச் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையைக் காட்டினார்கள். அத்துடன், முடிவுத் திகதிக்கு 90 நாட்களுக்கு முன் எழுத்தில் அறிவிக்காவிட்டால் உடன்படிக்கை தானாகவே மேலும் ஓர் ஆண்டுக்கு நீளும் என்பதையும் அன்றுதான் வாசித்தோம். உங்கள் பாடசாலையிலும் இத்தகைய இயந்திரம் இருந்தால், இந்த வாரமே கோப்பை எடுத்து அந்தத் திகதியைப் பாருங்கள். எங்களுக்கு இன்னும் 14 மாதங்கள் இருக்கின்றன. அறிவித்தல் கடிதத்தை இப்போதே எழுதி, அதிபரின் மேசை இலாச்சியில் வைத்திருக்கிறோம்.