கரடிக் காது வைத்த அந்தக் குழந்தைப் பையை வாங்கிவிடாதீர்கள்

கைக்குழந்தைக்கு ஸ்லீப்பிங் பேக் தேடிக்கொண்டிருக்கும் அம்மா அப்பாக்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். எனக்குப் போனது 1,450 ரூபாய். பணம் போனால் போகட்டும். என் மகனின் மூக்கு வரை துணி ஏறிவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ஊட்டியில். ஜனவரி ராத்திரிகளில் வெளியே 5 டிகிரி வரை இறங்கும், சில நாள் புல்லில் உறைபனி படிந்திருக்கும். வீட்டில் ஹீட்டர் கிடையாது. விடியற்காலையில் எங்கள் படுக்கையறை 14 டிகிரிதான் காட்டும். மகனுக்கு அப்போது மூன்று மாதம். போர்வை போட்டால் உதைத்துத் தள்ளுவான், இல்லையென்றால் முகத்தின் மேல் இழுத்துக்கொள்வான். தடுப்பூசிக்குப் போனபோது டாக்டரிடம் சொன்னேன். "போர்வையே வேண்டாம்மா, கை ரெண்டும் வெளியே இருக்கிற மாதிரி, உடம்போட மாட்டுற பை இருக்கு, அதை வாங்குங்க" என்றார்.

போனில் குழந்தைத் துணி விற்கும் ஒரு பக்கத்தில் பார்த்தேன். படத்தில் மேல்பாதி கையில்லாத பனியன் மாதிரி, கீழ்பாதி பை. 0–6 மாதம், 2.5 டாக் என்று போட்டிருந்தார்கள். துணி எவ்வளவு சூட்டைப் பிடித்துவைக்கும் என்பதற்கான கணக்குதான் டாக், எண் கூடினால் கதகதப்பு கூடும். "டாக் லேபிள் இருக்கா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். "இருக்கு சிஸ்டர், எக்ஸ்போர்ட் குவாலிட்டி" என்று பதில் வந்தது. முழுப் பணத்தையும் முதலிலேயே ஜிபே பண்ணச் சொன்னார்கள், பண்ணிவிட்டேன்.

பத்து நாள் கழித்து வந்தது வேறு பொருள். சாம்பல் நிற வெல்வெட், தலைக்குக் கரடிக் காது வைத்த தொப்பி, கை நுழைக்க ஓட்டையே இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும்போது சுற்றிக்கொள்ள, கடைகளில் 'த்ரீ இன் ஒன்' என்று தொங்கவிட்டிருப்பார்களே, அது. உள்தையலில் விரல் நக அளவுக்கு ஒரு வெள்ளைத் துண்டு. அதில் 100% பாலியஸ்டர் என்று மட்டும் இருந்தது. டாக் எண் இல்லை, எத்தனை கிலோ குழந்தைக்கு என்று இல்லை, செய்தவர் பெயரோ முகவரியோ இல்லை.

அன்று சாயந்திரமே போட்டோ எடுத்து அனுப்பினேன். "பார்சல் பிரிக்கிற வீடியோ இருக்கா சிஸ்டர்? வீடியோ இல்லேன்னா ரிட்டர்ன் இல்லை" என்றார்கள். அவர்கள் போட்ட படத்தையும் வந்த பொருளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "ரெண்டும் ஒரே மாடல்தான்" என்றார்கள். அதன்பிறகு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள்.

அன்று ராத்திரி குளிர் தாங்கவில்லை. "வந்தது வந்திருச்சு, இன்னைக்கு ஒரு ராத்திரி போட்டு விடும்மா, பிள்ளை நடுங்குறான்" என்றார் அத்தை. எனக்கும் அது சரியென்றே பட்டது. குல்லா, சாக்ஸ் எல்லாம் போட்டு, பைக்குள் விட்டு, ஜிப்பை மேலே வரை இழுத்துவிட்டேன்.

மூன்று மணிக்குப் பால் கொடுக்க எழுந்தேன். வழக்கமாக எனக்கு முன்னால் அவன் சிணுங்கியிருப்பான், அன்று சத்தமே இல்லை. லைட்டைப் போட்டால் தொப்பியின் விளிம்பு புருவத்துக்கு இறங்கியிருக்கிறது, பையின் கழுத்து மூக்குக்கு ஏறியிருக்கிறது, நடுவில் கண் மட்டும் தெரிகிறது. காலை உதைத்து உதைத்து உள்ளே சறுக்கியிருக்கிறான். கை ரெண்டும் உள்ளே இருந்ததால் துணியைத் தள்ளிவிடவும் வழியில்லை. ஜிப்பை இழுத்த வேகத்தில் அதன் நுனி உலோகம் கையோடு வந்துவிட்டது, பட்டாணி அளவுதான் இருக்கும். அவனை எடுத்தால் பின்கழுத்து தொப்பலாக நனைந்திருந்தது. 14 டிகிரி அறையில் அப்படி வியர்த்திருக்கிறான். நெஞ்சோடு வைத்துக்கொண்டதும் அழுதான். அந்த அழுகையைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

காலையில் அந்தப் பையை மேசையில் விரித்து ஜிப்பை முழுக்க மூடி, கழுத்துக்குள் கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரை தாராளமாகப் போனது. பணம் கொடுக்கும் முன் எல்லோரும் பார்க்க வேண்டியது இதைத்தான். குழந்தைக்கு மாட்டி மூடியபிறகு கழுத்துப் பக்கம் பெரியவர் விரல் ஒன்றிரண்டுதான் போக வேண்டும். தலை அந்த வழியாக உள்ளே இறங்கவே கூடாது. மாதக் கணக்கை நம்பாதீர்கள், எடையைப் பாருங்கள். ஒழுங்காகச் செய்பவர்கள் இத்தனை கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குப் போடாதீர்கள் என்று லேபிளிலேயே எழுதுகிறார்கள்.

தூங்கும் பைக்குத் தொப்பி இருக்கவே கூடாது. முகத்தை மூடும் என்பது ஒன்று. இன்னொன்று, குழந்தைக்கு உடம்புச் சூடு வெளியேறுவதில் தலைக்குப் பெரிய பங்கு உண்டு, அதை மூடினால் சூடு உள்ளேயே தங்கிவிடும். நம் வீடுகளில் குளிர் என்றாலே முதலில் குல்லாதான் மாட்டுவோம். வெளியே போகும்போது சரி, வீட்டுக்குள் தூங்கும்போது கழற்றிவிடச் சொல்லி டாக்டர் அடுத்த நாள் என்னைக் கண்டித்தார். தூக்கத்திலேயே குழந்தை இறந்துபோகும் 'சிட்ஸ்' ஆபத்தை அதிகச் சூடு கூட்டும் என்றார். கையும் காலும் ஜில்லென்று இருப்பது சகஜம், அதை வைத்துக் குளிர்கிறது என்று முடிவு பண்ணாமல் நெஞ்சையோ பின்கழுத்தையோ தொட்டுப் பார்க்கச் சொன்னார். பையோடு தூளியில் போடவும் வேண்டாமாம். தூளியில் உடம்பு வளைந்து தாடை நெஞ்சில் இடிக்கும், மூச்சுக்குச் சிரமம். கெட்டியான, சமமான படுக்கையில் மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும்.

லண்டனிலிருந்து வந்த என் சித்தி மகள் தன் பையனுக்கு வாங்கிய பையைக் கொடுத்தாள். கையில் வாங்கியபோதே வித்தியாசம் தெரிந்தது. தோளில் அழுத்துபட்டன், அக்குள் வரை அளவாக வெட்டிய கை ஓட்டை, ஜிப்பின் மேல்முனை தாடையில் உரசாமல் இருக்க ஒரு துணி மூடி, கால் அகட்டி உதைக்கக் கீழே அகலம். லேபிளில் டாக் எண், எடை, இந்த வகைப் பைகளுக்கென்றே வகுத்த பிஎஸ் 8510 என்ற பிரிட்டிஷ் தர எண். கூடவே அறை எத்தனை டிகிரி இருந்தால் உள்ளே என்ன உடுத்த வேண்டும் என்று ஓர் அட்டை. 16 முதல் 20 டிகிரி அறைக்கு 2.5 டாக், 24-க்கு மேலே போனால் 0.5 போதும் என்பது பொதுவான கணக்கு. எங்கள் அறைக்கு 2.5-ஐப் போட்டு உள்ளே முழுக்கைப் பருத்தி உடையும் பனியனும் போடுகிறோம், மேலே போர்வை கிடையாது. சென்னை, மதுரைக்காரர்கள் 2.5 பக்கம் போகவே வேண்டாம். ஏசி இல்லாத அறைக்குப் பையே தேவையில்லை, மெல்லிய பருத்தி உடை போதும். உள்ளே மணி நிரப்பிக் கனமாக்கிய பைகளும் இப்போது விற்பனைக்கு வருகின்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2022-இல் வெளியிட்ட பரிந்துரையில் கனம் சேர்த்த பைகளும் போர்வைகளும் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

பணத்துக்காக 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். 2020-ஆம் ஆண்டு இணைய வணிக விதிப்படி, விளம்பரத்தில் சொன்ன மாதிரி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. பார்சல் பிரிக்கும் வீடியோ இல்லை என்பதற்காக நீங்களாகவே விட்டுவிடாதீர்கள். அவர்கள் போட்ட படம், வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய எண், கூரியர் உறை எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். என்னிடம் இல்லாமல் போனது விற்றவரின் முகவரிதான், அதனால் புகார் நகர மறுக்கிறது. விற்பவரின் இணையப் பக்கத்தில் முகவரி இல்லையென்றால் பணம் அனுப்பாதீர்கள்.

சாம்பல் வெல்வெட், கரடிக் காது, மஞ்சள் ஜிப். இந்தப் பை உங்கள் வீட்டில் இருந்தால், இன்றைக்குப் பிள்ளையைத் தூங்கப்போடும் முன் அதன் கழுத்துக்குள் ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள்.