பலாலியா, கட்டுநாயக்காவா: சென்னைக்கு எந்த விமானத்தை நம்பி ஏறலாம்?

வன்னியிலிருந்து சென்னைக்குப் போகிறவருக்கு இப்போது இரண்டு வாசல் இருக்கிறது. ஒன்று யாழ்ப்பாணத்தின் பலாலி. அங்கே 2019 நவம்பரில் அலையன்ஸ் எயார் சேவையைத் தொடங்கியது. கொரோனாவோடு நின்றதை 2022 டிசெம்பரில் மறுபடி ஆரம்பித்தது. 2024 செப்டெம்பர் 1 இல் இன்டிகோவும் வந்து சேர்ந்தது. இரண்டு நிறுவனங்களும் பறக்கவிடுவது ஏ.ரி.ஆர். 72 என்ற விசிறி விமானம். மற்ற வாசல் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கட்டுநாயக்கா. ஸ்ரீலங்கன், இன்டிகோ, எயார் இந்தியா என்று அங்கே ஜெற் விமானங்கள்.

விலையும் நேரமும் ஏஜென்சியில் கேட்டாலே தெரிந்துவிடும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சனம் மெல்லக் கேட்கும் கேள்வி வேறு: "அந்தச் சின்னப் பிளேன் பயமில்லையோ?" என் தெரிவு பலாலிதான், அதிலும் இன்டிகோ. காரணங்களைச் சொல்கிறேன்.

பலாலி என்றதும் மூத்தவர்களுக்கு 1998 செப்டெம்பர் 29 நினைவுக்கு வரும். இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயாரின் அன்ரனோவ் விமானம் மன்னார்க் கடலில் விழுந்து 55 பேர் இறந்தார்கள். அது போர்க்காலத்தில் சுட்டு வீழ்த்தப்பட்ட விமானம். அந்தத் துயரம் பெரியது. ஆனால் இன்றைய நிறுவனம் ஒன்றின் பராமரிப்பையோ விமானியையோ அதை வைத்து எடைபோட முடியாது. 1986 மே 3 இல் கட்டுநாயக்காவில் எயார் லங்கா விமானத்தில் குண்டு வெடித்து 21 பேர் இறந்ததும் அப்படித்தான். அதை விலக்கிப் பார்த்தால், 1979 இல் தொடங்கிய அந்த நிறுவனம் ஸ்ரீலங்கன் என்று பெயர் மாறிய பிறகும் பறப்பு விபத்தில் பயணியைப் பலிகொடுத்ததில்லை. 2006 இல் தொடங்கிய இன்டிகோவும் உயிர்ச்சேத விபத்தைக் காணவில்லை. அலையன்ஸ் எயாருக்கு 2000 ஜூலை 17 இல் பாட்னாவில் ஒரு பெரிய விபத்து. இறங்கும்போது வேகம் குறைந்து போயிங் 737 விழுந்ததில் தரையிலிருந்தவர்களோடு 60 பேர் இறந்தார்கள்.

பறப்பு விபத்தில் ஸ்ரீலங்கனும் இன்டிகோவும் பூச்சியத்தில் நின்றாலும் அந்த இரண்டு பூச்சியமும் ஒரே பெறுமதி ஆகாது. 2024 இல் உலகம் முழுவதும் 4 கோடிக்கு மேற்பட்ட பறப்புகளில் உயிர்ச்சேத விபத்து 7 தான் என்பது விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான அயாட்டாவின் கணக்கு. விபத்து அவ்வளவு அரிது என்பதால், குறைவாகப் பறக்கும் நிறுவனம் சாதாரணமாக நடந்துகொண்டாலே பல வருடம் பூச்சியத்தில் நிற்கும். இன்டிகோ ஒரு நாளைக்கு 2,000 பறப்புக்கு மேல், வருடத்துக்கு ஏழு இலட்சம். அந்தப் பூச்சியத்துக்குக் கனம் அதிகம். இருபது சொச்ச விமானங்களோடு ஓடும் ஸ்ரீலங்கனின் பூச்சியமும் நல்லதுதான், ஆனால் அதே அளவு கனமில்லை.

எனவே எண்ணிக்கையோடு நிற்காமல் விபத்து அறிக்கைகளைத் திறந்து, ஒரே பிழை திரும்ப வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கு முடிவைத் தருவது இதுதான். எயார் இந்தியாவின் மலிவுக்கட்டண நிறுவனமான எயார் இந்தியா எக்ஸ்பிரஸை எடுங்கள். 2010 மே 22 மங்களூர், 158 பேர். 2020 ஓகஸ்ட் 7 கோழிக்கோடு, 21 பேர். இரண்டும் மலைமேட்டு ஓடுபாதைகள். இரண்டிலும் விமானம் சரியான நிலையில் இறங்கி வரவில்லை. இரண்டிலும் துணைவிமானி இறக்கத்தைக் கைவிடச் சொல்லியும் தலைமை விமானி இறக்கியே தீர்ந்தார். பத்து வருட இடைவெளியில் அதே பிழை என்றால் ஒரு மனிதரின் தவறு என்று விட்டுவிட முடியாது. மேலே எழுந்து இன்னொரு சுற்று வருவதை அந்த நிறுவனம் எப்படிப் பழக்கியது என்று கேட்க வேண்டும்.

விசிறி விமானப் பயத்துக்கும் பதில் இங்கேயே கிடைக்கிறது. தைவானின் ட்ரான்ஸ்ஏசியா ஏழு மாதத்துக்குள் இரண்டு ஏ.ரி.ஆர். 72 ஐ இழந்தது. 2014 ஜூலையில் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாத மழையில் அனுமதித்த உயரத்துக்குக் கீழே இறங்கினார்கள். 48 பேர் இறந்தார்கள். 2015 பெப்ரவரியில் ஒரு இயந்திரம் பழுதாக, ஓடிக்கொண்டிருந்த நல்ல இயந்திரத்தை நிறுத்தினார்கள், 43 பேர். 2023 ஜனவரியில் நேபாளத்தின் பொக்காராவில் யெட்டி நிறுவனத்தின் ஏ.ரி.ஆர். விழுந்து 72 பேர் இறந்ததற்கும், சிறகு மடிப்பை இறக்கும் பிடிக்குப் பதிலாக விசிறிகளின் உந்துவிசையை இல்லாமலாக்கும் பிடிகளை இழுத்ததே காரணம். அதற்குப் பல வருடம் முன்னரே, 2013 இல், நேபாள நிறுவனங்கள் அத்தனையையும் ஐரோப்பிய ஒன்றியம் தடைப்பட்டியலில் போட்டுவிட்டது. பிழை பயிற்சியிலும் கண்காணிப்பிலும் இருந்தது. அந்தக் கண்காணிப்பு சரியாக இருந்தால் ஏ.ரி.ஆரில் ஏறத் தயங்க வேண்டியதில்லை.

இதே உரைகல்லில் இன்டிகோவையும் உரசத்தான் வேண்டும். 2023 இல் ஆறு மாதத்துக்குள் நான்கு தடவை அதன் ஏ321 விமானங்களின் வால் ஓடுபாதையில் உரசியது. இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் பயிற்சி ஆவணங்களைத் தோண்டிப் பார்த்து 30 இலட்சம் ரூபாய் தண்டம் விதித்தது. உயிர் போகுமுன் பிடிபட்டது என்பது ஆறுதல். 2025 டிசெம்பரில் விமானிகளின் ஓய்வு நேர விதி இறுகியபோது ஆள் போதாமல் ஆயிரக்கணக்கான சேவைகளை ரத்துச் செய்ததோ நல்ல அறிகுறி இல்லை. விமானியின் களைப்பு பதிவேட்டில் ஏறுவது விபத்துக்குப் பிறகுதான். பலாலியில் அதன் சேவை இன்னும் குறுகிய காலத்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எயார் இந்தியாவை 2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்தை மட்டும் வைத்து ஒதுக்க மாட்டேன். விமானத்திலும் தரையிலுமாக 260 பேர் இறந்தார்கள். மேலெழுந்த சில விநாடிகளில் இரண்டு எரிபொருள் ஆளிகளும் நிறுத்த நிலைக்குப் போயின என்கிறது முதற்கட்ட அறிக்கை. காரணத்தைச் சொல்ல வேண்டியது இறுதி அறிக்கை.

இனி வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுவோம். கிளிநொச்சியிலிருந்து பலாலிக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர், பகலில் போய்விடலாம். கட்டுநாயக்காவுக்கு வவுனியா, அனுராதபுரம், புத்தளம் வழியாக ஏறத்தாழ 300. விடியப்புறப் பிளேன் என்றால் இரவு முழுக்க வான் ஓட வேண்டும். ஏ9 இல் படுத்திருக்கும் மாடுகள், அனுராதபுரம் தாண்டினால் யானை, விடிய மூன்று மணிக்குக் கண் சொருகும் சாரதி. இந்தப் பயணம் முழுவதிலும் ஆபத்துக் கூடிய பகுதி அந்த ரோட்டுத்தான். கட்டுநாயக்காதான் வழி என்றால் முதல்நாள் பகலிலேயே வெளிக்கிட்டு நீர்கொழும்பில் தங்குங்கள். வவுனியாக்காரருக்கு பலாலி ஏறத்தாழ 160 கிலோமீற்றர். அவர்களுக்கு இலாபம் குறைவு, ஆனாலும் இரவு ஓட்டம் மிச்சம்.

ரிக்கெற் எடுக்குமுன் மூன்றைப் பாருங்கள். ரிக்கெற்றில் உள்ள நிறுவனத்தின் பெயரும் பறக்கவிடும் நிறுவனத்தின் பெயரும் ஒன்றா? இல்லையென்றால் பறக்கவிடுகிறவரின் பதிவைத்தான் தேட வேண்டும். அடுத்தது, அந்தப் பெயர் அயாட்டாவின் பாதுகாப்புத் தணிக்கைப் பதிவேட்டில் இருக்கிறதா? இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய பதிவு அது. இணையத்தில் இலவசமாகத் தேடலாம். கடைசியாக, ஐரோப்பிய ஒன்றியத் தடைப்பட்டியலில் நிறுவனமோ அதன் நாடோ இருக்கிறதா?

பலாலியில் ஓடுபாதையின் நீளம் குறைவு. வெக்கை நாளில் எழும்ப அனுமதிக்கும் பாரம் இன்னும் குறையும். ஆகவே பொதியின் நிறையை வீட்டிலேயே தராசில் பார்த்துக்கொள்ளுங்கள். பவர் பாங்கைக் கைப்பையில் வையுங்கள், கீழே போகும் பெட்டியில் வைக்கக்கூடாது. கார்த்திகை, மார்கழி மழையில் விமானம் பலாலிக்கு மேல் வந்து இறங்காமல் சென்னைக்கே திரும்பலாம். அதற்காக நிறுவனத்தைத் திட்ட வேண்டாம். மங்களூரிலும் கோழிக்கோட்டிலும் விமானி செய்யத் தவறியது அதைத்தான். வைத்தியசாலைத் தவணையோ தொடர்விமானமோ இருந்தால் அந்த மாதங்களில் ஒரு நாள் முந்திய பிளேனுக்குப் பதியுங்கள்.