ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு ஓர் அஞ்சலகக் கணக்கு

2024 ஜூன் மாதம், ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த என் மகளின் பெயரில் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கும் மாதம் 100 ரூபாய் கட்டும் ஐந்தாண்டு ஆர்.டி. (தொடர் வைப்பு) கணக்கும் தொடங்கினோம். பத்து வயது நிரம்பிய சிறார் தம் பெயரிலேயே கணக்குத் தொடங்கித் தாமே கையெழுத்திட்டு நடத்தலாம் என்பதுதான் இந்தச் சேவையை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். பணத்தைக் கையாளும் கல்வியை உயர்நிலைப் பள்ளியில் கட்டாயமாக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணிவரும் கணித ஆசிரியை நான். அந்தப் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவியை இதுவரை பார்த்ததில்லை.

சேமிப்புக் கணக்கைத் தொடங்க 500 ரூபாய் போதும். வட்டி ஆண்டுக்கு 4 விழுக்காடு. வட்டியைவிட அதைக் கணக்கிடும் முறையே என் மகளுக்குப் பெரிய பாடமாக அமைந்தது. ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகைக்கே வட்டி உண்டு என்பதால், 11ஆம் தேதி செலுத்தும் 1,000 ரூபாய் அந்த மாதத்துக்கு ஒன்றும் ஈட்டாது. இழப்பு மூன்று ரூபாய் சொச்சம்தான். ஆனாலும் பாஸ்புக்கை வைத்துக்கொண்டு அதைத் தானே கணக்கிட்டுப் பார்த்த பிறகு, உறவினர் தரும் பணத்தை 10ஆம் தேதிக்குள் செலுத்திவிட வேண்டும் என்பதில் அவள் உறுதியாக இருக்கிறாள்.

ஆர்.டி. கணக்கு இன்னும் அதிகம் கற்றுத் தருகிறது. நாங்கள் தொடங்கியபோது வட்டி 6.7 விழுக்காடு, காலாண்டுக்கு ஒருமுறை கூட்டுவட்டியாகச் சேரும். மொத்தம் 6,000 ரூபாய் கட்டினால் முதிர்வில் ஏறத்தாழ 7,137 ரூபாய் கிடைக்கும். எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதத்தில் கூட்டுவட்டிச் சூத்திரத்தை மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளிடம் இதே கணக்கைக் கொடுத்தேன். ஒவ்வொரு தவணையும் வெவ்வேறு காலத்துக்கு வட்டி பெறுகிறது என்ற இடத்தில் பெரும்பாலோர் திகைத்து நின்றார்கள். அவர்கள் மீது குறையில்லை. பாடநூலின் அசல் தொகை எப்போதும் ஒரே நாளில் மொத்தமாகச் செலுத்தப்படுகிறது, வீட்டில் சேமிப்பவர் எவரும் அப்படிச் சேமிப்பதில்லை.

தவணை தவறினால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம். ஆண்டுக் கணக்கில் இது 12 விழுக்காடு, அதாவது நாம் பெறும் வட்டியைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. கடன் வாங்கியவர் தவணை தவறும்போது என்ன நேர்கிறது என்பதை ஒற்றை ரூபாயில் உணர்த்திவிடும் இந்த விதியை நான் மிகவும் மதிக்கிறேன். பன்னிரண்டு தவணைகளை முன்கூட்டியே கட்டினால் 40 ரூபாய் தள்ளுபடி உண்டு என்பதையும் பெற்றோர் கவனிக்கலாம்.

குறைகளும் உண்டு. சேமிப்புக் கணக்கில் 500 ரூபாய்க்குக் கீழே இருப்பு இறங்கி, நிதியாண்டு முடிவதற்குள் அது நிரப்பப்படாவிட்டால் 50 ரூபாய் பராமரிப்புக் கட்டணமாகப் பிடிக்கப்படும். பெரியவர்களுக்கு இது சிறு தொகை. 500 ரூபாயைச் சேர்க்கவே பல மாதங்கள் பிடிக்கும் மாணவருக்கு இது கடுமை, சிறார் கணக்குகளுக்கு விலக்கு அளித்திருக்க வேண்டும். ஆர்.டி.யை மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு முன்கூட்டியே முடிக்கலாம் என்றாலும், முதிர்வுக்கு ஒரு நாள் முன்னதாக முடித்தால்கூடச் சேமிப்புக் கணக்கின் வட்டிதான் கிடைக்கும். ஆகவே கல்லூரிக் கட்டணத்துக்கு நம்பியிருப்போர் முதிர்வுத் தேதியைப் பார்த்துத் தொடங்க வேண்டும்.

எங்கள் தலைமுறைக்குப் பள்ளியிலேயே சஞ்சாயிகா சேமிப்பு இருந்தது. அதில் ஆசிரியர் காசை வாங்கி அட்டையில் குறித்துக்கொடுத்தார்; விதிகளை எவரும் விளக்கவில்லை. இன்று பாடத்திட்டத்தில் வாரம் ஒரு வகுப்பைக் கட்டாயமாக ஒதுக்கி, மாணவர் தம் சொந்தப் பாஸ்புக்கைத் திறந்துவைத்துக் கணக்கிடச் செய்தால், வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைகளுக்கும் இது சென்று சேரும். என் மகளுக்கு ஆசிரியையான தாய் இருந்தாள். என் வகுப்பில் பலருக்கு அந்த வசதி இல்லை என்பதே என் கவலை.

தொடங்க விரும்புவோர் பிறந்த தேதிச் சான்றை மறக்காமல் எடுத்துச் செல்லவும். பதினெட்டு வயது நிரம்பியதும் புதிய படிவமும் அடையாள ஆவணங்களும் கொடுத்துக் கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும். அதை என் மகளே போய்ச் செய்வதாக இப்போதே ஒப்புக்கொண்டிருக்கிறாள்.