எலும்புக்குப் போன தைராய்டு புற்று: வெட்டி எடுப்பதா, கம்பி வைப்பதா?

கடலூர் முதுநகர் அத்தைக்குத் தொடையில் வலி வந்தபோது மூட்டுத் தேய்மானம் என்று எண்ணெய் தேய்த்தே நாலு மாதம் போனது. ஸ்கேனில் தொடை எலும்பின் மேல்பாகம் அரித்திருந்தது. பயாப்சியில் வந்ததோ தைராய்டு திசு. பத்து வருஷமாகக் கழுத்தில் சும்மா கிடந்த கட்டிதான் மூலம். ஃபாலிக்குலர் என்ற தைராய்டு புற்று வகை ரத்தம் வழியாக இப்படி எலும்புக்குப் போகும்.

இரண்டு வழி சொன்னார்கள். அரித்த பாகத்தை நல்ல எலும்பின் ஓரத்தோடு முழுசாக வெட்டி எடுத்துச் செயற்கை மூட்டு பொருத்துவது ஒன்று. எலும்புக்குள் நீளக் கம்பி செலுத்தித் தாங்கவைத்து, கட்டியைக் கதிர்வீச்சுக்கும் ரேடியோ அயோடினுக்கும் (தைராய்டு செல்லுக்குள் போய் அதை அழிக்கும் கதிரியக்க அயோடின்) விட்டுவிடுவது மற்றொன்று.

கம்பி சின்ன அறுவை, சீக்கிரம் நடக்கலாம். எனக்கும் முதலில் அதுதான் சரி என்று பட்டது. ஆனால் கட்டி உள்ளேயே இருக்கும். நுரையீரல் புற்று எலும்புக்குப் போனவர்களைவிட இந்த நோயாளிகள் பலர் வருஷக்கணக்கில் வாழ்கிறார்கள்; அதற்குள் கட்டி வளர்ந்து எலும்பை மேலும் தின்றால் கம்பி தளரும், உடையவும் செய்யும். ரேடியோ அயோடினும், தைராய்டு புற்று நுரையீரலுக்குப் பரவிய பொடிப் புள்ளிகளில் வேலை செய்கிற அளவுக்குப் பெரிய எலும்புக் கட்டியில் செய்யாது. பரவியது ஒரே இடம், உடம்பும் தாங்கும் என்றால் நான் வெட்டி எடுக்கும் பக்கம்தான். நாலைந்து இடத்தில் இருந்தால் கம்பியே போதும்.

எந்த வழியானாலும் ரத்தப்போக்குதான் பயம். இந்தக் கட்டிகளுக்கு ரத்த ஓட்டம் அதிகம். அதனால் அறுவைக்கு ஓரிரு நாள் முன்பே, கட்டிக்குப் போகும் ரத்தக் குழாயை உள்ளிருந்தே அடைத்துவிடுவார்கள்.

முதுகெலும்பு என்றால் கணக்கே வேறு. தண்டுவடம் நசுங்கிக் கால் மரத்துப்போனால், முழுசாக எடுப்பதா என்ற பேச்சுக்கு நேரமில்லை. அழுத்தத்தை நீக்கி ஸ்க்ரூ போட்டு நிறுத்துவதுதான் முதல் வேலை. ரேடியோ அயோடினுக்காக, தைராய்டை எடுத்தபின் சாப்பிடும் தைராய்டு மாத்திரையை நிறுத்தினால் கட்டி வீங்கித் தண்டுவடத்தை இன்னும் நெருக்கலாம் என்பதும் அங்கே கவனிக்க வேண்டியது.

அத்தைக்கு ஒரே இடம்தான். செயற்கை மூட்டு வைத்து, அப்புறம் தைராய்டை முழுசாக எடுத்தார்கள். சுரப்பி கழுத்தில் இருந்தால் அயோடினை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். அயோடின் கொடுப்பதற்கு முன் இரண்டு வாரம் கடல் மீன், கருவாடு, அயோடின் உப்பு எதுவும் கூடாது. முதுநகரில், பக்கத்து வீட்டு மீன்குழம்பு வாசனையில் கழித்த அந்த இரண்டு வாரம் அறுவையைவிடக் கஷ்டம் என்கிறார் அத்தை.