மீதிச் சார்ஜ்: வோல்ட்டைப் பார்ப்பதா, வரவு செலவு பார்ப்பதா?

வெள்ளவத்தையில் காலி வீதி நெரிசலில் நிற்கும் மின்சார ஓட்டோவின் மீட்டர், பெட்டரியில் மீதிச் சார்ஜ் 40 சதவீதம் என்று காட்டும். பச்சை விழுந்து முறுக்கினால் 30. மறுபடி நின்றால் 38. பயணி பதறிப்போவார். பெட்டரியில் கோளாறு இல்லை. வோல்ட்டை மட்டும் பார்க்கும் மீட்டரின் குணம் அது. மின்னோட்டம் கூடினால் பெட்டரிக்குள்ளேயே இருக்கும் தடையால் வோல்ட் இறங்கும், நின்றதும் ஏறும்.

ஈய அமில பெட்டரிக்கு, ஓய்வில் வைத்து அளந்தால், இந்த முறை பரவாயில்லை. 12 வோல்ட் பெட்டரி நிறைந்திருந்தால் 12.6 அளவில் நிற்கும், தீரத் தீர இறங்கும். லித்தியம் பெட்டரியில் ஒரு வகையான லித்தியம் இரும்பு பொஸ்பேட்டில்தான் வினை. 80 சதவீதத்திலிருந்து 30 வரை வந்தாலும் பெட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லும் 3.3 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். அதைப் பார்த்து என்னத்தைச் சொல்வது?

மீதிச் சார்ஜை அறிய மற்ற முறை கூலொம் எண்ணிக்கை. உள்ளே போனது, வெளியே வந்தது இரண்டையும் அம்பியர் மணியில் (மின்னோட்டத்தை மணித்தியாலத்தால் பெருக்கிய அளவு), கடைக் கொப்பியில் வரவு செலவு எழுதுவதுபோல எழுதிக்கொண்டே போகும். நெரிசலில் ஆடாது. ஆனால் சென்சர் 0.5 அம்பியர் பிழையாக வாசித்தால் 10 மணித்தியாலத்தில் 5 அம்பியர் மணி பிசகும். 100 அம்பியர் மணி பெட்டரிக்கு அது 5 சதவீதம். பழைய பெட்டரியின் கொள்ளளவு சுருங்கியதைக் கணக்கில் எடுக்காவிட்டால் இன்னும் மோசம்.

லித்தியம் வண்டிக்கு நான் இதையே எடுப்பேன். ஒன்று மட்டும் தவறக்கூடாது: இடைக்கிடை முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள். அப்போதுதான் மீட்டர் 100 எது என்று மறுபடி பிடித்துக்கொள்ளும்.